நரம்பு வலியை எங்கே தேடுவது: எலியிலா, செல்லிலா, மனிதரிலா?

இரண்டு பேருக்கு நீண்ட நாள் சர்க்கரை நோய். இருவருடைய பாதத்திலும் தோலுக்கு வரும் மெல்லிய நரம்பிழைகள் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு அழிந்திருக்கின்றன. ஒருவருக்கு ராத்திரி படுத்தால் போதும், பாதம் திகுதிகுவென்று எரிகிறது, போர்வை உரசினாலே தாங்க முடியவில்லை. இன்னொருவருக்கு வலியே கிடையாது. காலில் ஆணி குத்தினால்கூடத் தெரிவதில்லை. புறநரம்புச் சிதைவில், அதாவது நியூரோபதியில், வலி எப்படிப் பிறக்கிறது என்று ஆராய வருகிறவர்கள் எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்: நரம்பு கெட்டால் மரத்துப்போக வேண்டும், சிலருக்கு மட்டும் ஏன் வலிக்கிறது?

இதை ஆராய இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. எலியிலும் சுண்டெலியிலும் நரம்பைக் காயப்படுத்திப் பார்ப்பது முதல் வழி. நோயாளியின் செல்லிலிருந்து ஆய்வகத்தில் நரம்பணு வளர்ப்பது இரண்டாவது. பரம்பரையாக வலி வரும் குடும்பங்களின் மரபணுவைத் தேடுவது மூன்றாவது. வலி இருக்கிற மனிதரிடமே நேராக அளப்பது நான்காவது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவருக்கும் புதிதாக ஒரு குழுவைத் தொடங்குகிறவருக்கும் நேரமும் ஆளும் பணமும் எல்லாவற்றுக்கும் போதாது. ஏதோ ஒன்றை முதலில் எடுக்க வேண்டும். என் முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: மனிதரிடம் தொடங்குங்கள், அங்கே கிடைத்த குறிப்பிட்ட கேள்வியோடு செல்லுக்கும் எலிக்கும் போங்கள். இந்தத் துறை பல பத்தாண்டுகளாக இதைத் தலைகீழாகத்தான் செய்து வந்திருக்கிறது.

எதை விளக்க வேண்டும்?

வழியைத் தேர்வு செய்வதற்கு முன், விளக்க வேண்டிய பொருள் என்ன என்பதில் தெளிவு வேண்டும். நரம்பு வலி என்பது ஒரே வலி அல்ல. யாரும் தொடாமலே விடாமல் எரிவது ஒன்று. திடீரென்று ஷாக் அடித்தது போலச் சுரீரென்று பாய்வது இன்னொன்று. பஞ்சு பட்டாலும் காற்றுப் பட்டாலும் வலிப்பது மூன்றாவது. இவற்றோடு மதமதப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் கலந்தே வரும். ஒரே காலில், ஒரே ராத்திரியில், இவை எல்லாமே இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு வேறு காரணம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

நரம்பிழைகளும் ஒரே வகை அல்ல. தொடுவுணர்வைக் கொண்டுபோகும் தடித்த ஏ-பீட்டா இழைகள் நொடிக்குச் சுமார் 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் செய்தி அனுப்புகின்றன. மெல்லிய ஏ-டெல்டா இழைகள் 5 முதல் 30 மீட்டர். உறை இல்லாத சி இழைகள் 2 மீட்டருக்கும் குறைவு, நாம் நடக்கிற வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். எரிச்சலும் சுட்டெரிக்கும் வலியும் பெரும்பாலும் இந்தக் கடைசி வகையின் வேலை. மருத்துவமனைகளில் வழக்கமாக எடுக்கும் நரம்புக் கடத்தல் சோதனை தடித்த இழைகளை மட்டும்தான் பார்க்கும். அதனால்தான் கால் எரிகிறது என்று வருகிறவரிடம் 'சோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சொல்லி அனுப்பிவிடும் கொடுமை நடக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சோதனைக்கு அவருடைய நோய் இருக்கும் இடம் தெரியாது.

வலி பிறக்கும் விதம் பற்றி முக்கியமான கருத்துகள் இரண்டு. அடிபட்ட நரம்பு தூண்டுதலே இல்லாமல் தானாகச் சுடத் தொடங்குகிறது, அதாவது தானாகவே மின்துடிப்புகளை அனுப்பத் தொடங்குகிறது என்பது ஒன்று. 1974-இல் பேட்ரிக் வாலும் மைக்கேல் கட்னிக்கும் எலியின் வெட்டுண்ட நரம்பு நுனியில் இப்படித் தானாகக் கிளம்பும் துடிப்புகளைப் பதிவு செய்து காட்டினார்கள். வலி தண்டுவடத்துக்கு இடம் மாறிவிடுகிறது என்பது மற்றொன்று. 1983-இல் கிளிஃபர்ட் வூல்ஃப் காட்டியபடி, தொடர்ந்து வரும் வலிச் செய்திகளால் தண்டுவட நரம்பணுக்கள் கூர்மையடைந்து, சாதாரணத் தொடுகையைக்கூட வலியாக மாற்றிவிடுகின்றன. அப்புறம், தண்டுவடத்தில் வலியை அடக்கி வைக்கும் தடுப்பு தளர்வதும் இதோடு சேர்கிறது. இவற்றில் எது, யாருக்கு, எந்த அளவுக்கு என்பதுதான் திறந்திருக்கும் கேள்வி. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

எலி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இந்தத் துறையின் பெரும் பகுதி எலியின் தொடை வழியே காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பின் மேல் கட்டப்பட்டது என்றால் மிகையில்லை. 1988-இல் கேரி பென்னட்டும் அவருடைய சக ஆய்வாளரும் எலியின் சயாட்டிக் நரம்பைச் சுற்றி நான்கு தளர்வான முடிச்சுகள் போட்டார்கள். நரம்பு வீங்கித் தன்னைத்தானே நெரித்துக்கொண்டது. எலி அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்துக்கொண்டது. 1992-இல் வந்த இன்னொரு முறையில் தண்டுவடத்திலிருந்து வெளிவரும் இரண்டு இடுப்பு நரம்புகளை இறுக்கிக் கட்டினார்கள். 2000-இல் வந்த மூன்றாவது முறையில் சயாட்டிக் நரம்பின் மூன்று கிளைகளில் இரண்டை வெட்டிவிட்டு, சூரல் என்ற ஒரு கிளையை மட்டும் விட்டுவைத்தார்கள். மீதமிருக்கும் அந்தக் கிளை போகும் பாதத்தின் வெளி ஓரம் மாதக்கணக்கில் கூச்சம் மிகுந்ததாக இருக்கும். இன்றும் ஆய்வுக்கூடங்களில் ஓடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் இந்த மூன்றும், சர்க்கரை நோயை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசியும், பேக்லிடாக்ஸெல் போன்ற புற்றுநோய் மருந்துகளும்தான்.

எலியின் பலத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. காரணத்தை நிரூபிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஒரு மரபணுவை ஒரே வகை நரம்பணுவில் மட்டும், நாம் சொல்லும் நாளில் அணைக்கலாம். காயம் எந்த மணிக்கு நடந்தது என்று தெரியும். தண்டுவடத்தைத் திறந்து ஒற்றை நரம்பணுவில் மின்முனையை வைக்கலாம். நரம்பு வலி மருந்தான கபபென்டின் போய் ஒட்டிக்கொள்ளும் ஆல்ஃபா-2-டெல்டா என்ற புரதம், தண்டுவடத்தின் எதிர்ப்பாற்றல் செல்களான மைக்ரோகிளியா வலியைத் தூண்டும் விதம், குளோரைடு அளவு மாறித் தடுப்புச் செய்தி வலுவிழப்பது எல்லாம் விலங்குத் திசு இல்லாமல் நமக்குத் தெரிய வந்திருக்காது.

சிக்கல் அளக்கும் இடத்தில் இருக்கிறது. எலியைக் கம்பி வலைத் தரையில் நிறுத்தி, கீழேயிருந்து ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொடுவார்கள். வான் ஃப்ரே இழை என்று பெயர், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும். எலி எந்த இழைக்குக் காலை இழுக்கிறதோ அதுதான் 'வலியின் அளவு'. ஆனால் காலை இழுப்பது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல், மூளைக்கும் வலி தெரிந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. மேலும், நியூரோபதி உள்ள மனிதர்களைப் பெரும்பாலும் வாட்டுவது தானாக எரியும் வலி. தொட்டால் வரும் வலி இருப்பவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர்தான். முக்கியமான குறையை விட்டுவிட்டு, அளக்கச் சுலபமான குறையை அளந்துகொண்டிருக்கிறோம் என்ற ஆதங்கம் இந்தத் துறையில் பலருக்கு உண்டு, எனக்கும்.

அதற்கு மாற்று தேடியவர்கள் இருக்கிறார்கள். 2009-இல் ஒரு குழு, நரம்பு காயப்பட்ட எலிகளுக்கு ஓர் அறையில் வலி குறைக்கும் மருந்தும் இன்னொரு அறையில் வெறும் உப்புநீரும் கொடுத்தது. பிறகு விருப்பப்படி போக விட்டபோது, காயப்பட்ட எலிகள் மருந்து கிடைத்த அறையை நாடின, காயமில்லாத எலிகளுக்கு அந்த நாட்டம் இல்லை. வலி இல்லாதவருக்கு வலி நிவாரணியால் நிம்மதி கிடைக்காது அல்லவா? தானாக இருக்கும் வலியை எலியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நேர்மையான முறை இதுதான். வேலை அதிகம், விலங்குகளும் அதிகம் வேண்டும், அதனால் ஆய்வுக் கட்டுரைகளில் இன்னும் நைலான் இழையே ஆட்சி செய்கிறது.

சின்ன விஷயங்களும் எலிச் சோதனையைப் புரட்டிப் போடும். ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தாலோ, அவர் போட்டுக் கழற்றிய டி-ஷர்ட் பக்கத்தில் இருந்தாலோகூட எலிகளின் வலி வெளிப்பாடு குறைகிறது என்று ஜெஃப்ரி மோகிலின் குழு 2014-இல் காட்டியது. பயத்தால் வரும் மன அழுத்தமே வலியை அமுக்கிவிடுகிறது. அதே குழு அடுத்த வருடம் இன்னொன்றைச் சொன்னது: தண்டுவடத்து மைக்ரோகிளியாவைத் தடுத்தால் ஆண் சுண்டெலிகளுக்கு வலி குறைகிறது, பெண் சுண்டெலிகளுக்குக் குறைவதில்லை, அங்கே டி செல்கள் என்ற வேறு எதிர்ப்பாற்றல் செல்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அதுவரை நடந்த சோதனைகளில் மிகப் பெரும்பாலானவை ஆண் விலங்குகளில் மட்டும் செய்யப்பட்டவை. எடுத்துக்கொண்ட விலங்கின் பாலே முடிவை மாற்றும் என்றால், பழைய முடிவுகளில் எத்தனை பாதி உண்மைகள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

எலியிலிருந்து மனிதருக்குத் தாவும்போது விழுந்த மிகப் பெரிய அடி, வலிச் செய்தியைக் கடத்தும் சப்ஸ்டன்ஸ் பி என்ற வேதிப்பொருளின் ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள். விலங்குகளில் அழகாக வேலை செய்தன. மனிதருக்கான வலிச் சோதனைகளில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. அந்தக் குடும்பத்து மருந்தான அப்ரிபிடென்ட் இன்று கீமோதெரபி வாந்தியைத் தடுக்கத்தான் பயன்படுகிறது. காரணங்கள் பல இருக்கலாம். ஒன்று நிச்சயம்: சுண்டெலியின் வலி நரம்பணுக்கள் இரண்டு குழுக்களாகத் தெளிவாகப் பிரிகின்றன, மனிதரில் அந்தப் பிரிவு கிடையாது, ஒரே நரம்பணுவில் இரண்டு குழுக்களின் அடையாளங்களும் கலந்து கிடக்கின்றன. சர்க்கரை நோயில் இன்னொரு பொருத்தமின்மையும் சேர்கிறது. மனிதருக்குப் பல ஆண்டுகளாக மெல்ல நடக்கும் சிதைவை, சில வாரங்களில் மெலிந்து உருக்குலைந்துபோகும் எலியில் தேடுகிறோம். அந்த எலி காலை இழுக்கும் விதம் மாறுவது நரம்பாலா, பொதுவான நலிவாலா என்று பிரிக்கவே தனியாக உழைக்க வேண்டும்.

எலியைத் தேர்வு செய்கிறவர் மூன்றைத் தீர்மானித்துக்கொண்டு போக வேண்டும்: ஆண், பெண் இரண்டும் வேண்டும், அனிச்சைச் செயலோடு விருப்ப அறைச் சோதனை போன்ற ஒன்றும் வேண்டும், எந்த விலங்குக்கு எந்த மருந்து போனது என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. இவை மூன்றும் முடியாது என்றால், ஓர் உயிருக்கு வலி கொடுத்துப் பெறும் தகவல் அந்த வலிக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

தட்டில் வளரும் நரம்பணு

ஷின்யா யமனாகாவின் குழு 2006-இல் சுண்டெலி செல்லிலும் 2007-இல் மனித செல்லிலும் காட்டிய முறையால், நோயாளியின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த செல்லை எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, அதை வலி நரம்பணுவாக வளர்க்கலாம். 2012-இல் சிறு மூலக்கூறுகளைக் கொண்டு இதைச் சில வாரங்களில் செய்யும் முறை வந்தது. கவர்ச்சி என்னவென்றால், அந்த நோயாளியின் முழு மரபணுத் தொகுப்பும் அந்தத் தட்டில் இருக்கிறது. மின்முனைகள் பதித்த தட்டில் வைத்தால் நரம்பணு தானாகச் சுடுகிறதா என்று பார்க்கலாம், மருந்தைச் சொட்டி நிற்கிறதா என்றும் பார்க்கலாம்.

ஆனால் அந்த நரம்பணுவுக்கு வயது இல்லை. சர்க்கரையில் ஊறிய பல ஆண்டுகள் அதற்கு நடக்கவில்லை, ஸ்டெம் செல்லாக மாற்றும்போது அந்த வரலாறு பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. சுற்றி நரம்பிழையைப் போர்த்தும் ஷ்வான் செல் இல்லை, எதிர்ப்பாற்றல் செல் இல்லை, போய் முடிய ஒரு தோல் இல்லை. முதிர்ச்சியும் முழுமையாக வருவதில்லை. வலி நரம்பணுவுக்கு அடையாளமான நேவ் 1.8 என்ற சோடியம் சேனல், அதாவது துடிப்பைக் கிளப்பச் சோடியத்தை உள்ளே விடும் வாயில், பல முறைகளில் குறைவாகவே தென்படுகிறது. ஒரு தொகுதியில் வளர்ந்ததும் அடுத்த தொகுதியில் வளர்ந்ததும் ஒத்துப்போவதும் சிரமம். ஆகவே பரம்பரைக் காரணம் உறுதியாகத் தெரிந்த நோய்க்கு இது பிரமாதமான கருவி. சர்க்கரை நோயாலோ கீமோதெரபியாலோ வந்த சாதாரண நியூரோபதிக்கு இதை முதல் வழியாக எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூத்த நரம்பணுவே வேண்டும் என்றால் இன்னொரு கதவு திறந்திருக்கிறது: தண்டுவடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் முதுகுவேர் நரம்பணு முடிச்சு. உறுப்பு தானம் செய்தவர்களிடமிருந்தும், முதுகெலும்புக் கட்டிக்காக அறுவை செய்யும்போதும் இது கிடைக்கிறது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி எடுத்த மனித நரம்பணுக்களில், வலி இருந்த உடல் பகுதிக்கு உரியவற்றில் சில தானாகச் சுட்டன, வலி இல்லாத பகுதிக்கு உரியவற்றில் அது தென்படவில்லை. 1974-இல் எலியில் பார்த்தது மனிதத் திசுவில் கண்ணெதிரே வந்து நின்றது. இதற்கு அறுவை அறையோடு நெருங்கிய உறவு வேண்டும், நேரம் காலம் பார்க்காமல் ஓடத் தயாராக இருக்க வேண்டும். வசதி இருப்பவர்கள் விட்டுவிடக்கூடாத வாய்ப்பு.

மரபணு காட்டிய பாதை

2004-இல் எரித்ரோமெலால்ஜியா என்ற, கையும் காலும் சிவந்து எரியும் பரம்பரை நோய்க்கு எஸ்சிஎன்9ஏ மரபணுவின் மாற்றம் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நேவ் 1.7 என்ற சோடியம் சேனலை உருவாக்குவது அந்த மரபணுதான். 2006-இல் அதே மரபணு செயலிழந்த குடும்பங்கள் வட பாகிஸ்தானில் தெரிய வந்தன. அவர்களுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. சேனல் மிகையாக வேலை செய்தால் தீராத வலி, வேலை செய்யாவிட்டால் வலியே இல்லை. மனிதரில் இவ்வளவு சுத்தமான சான்று வலி ஆய்வில் வேறு எதற்கும் கிடைத்ததில்லை. 2012-இல், மெல்லிய இழைகளைத் தாக்கும் நுண்ணிழை நியூரோபதி காரணம் தெரியாமல் இருந்த 28 பேரைச் சோதித்ததில் 8 பேரிடம் இதே மரபணுவில் மாற்றங்கள் இருந்தன.

அதன் பிறகு மருந்து நிறுவனங்கள் நேவ் 1.7-ஐ அடைக்க ஓடின. சர்க்கரை நோயின் நரம்பு வலியில் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பிறவியிலேயே இல்லாத சேனலும், வளர்ந்த பிறகு ஒரு மாத்திரையால் பாதி அடைபட்ட சேனலும் ஒன்றல்ல. பக்கத்துச் சேனலான நேவ் 1.8-ஐத் தடுக்கும் சுசெட்ரிஜின் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதுவும் திடீர் வலிக்குத்தான். நாள்பட்ட நரம்பு வலிக்கு இன்னும் வழி திறக்கவில்லை. மரபணு வழி ஒரு மூலக்கூறைச் சுட்டிக்காட்டும், நோயாளியின் வலி அந்த மூலக்கூறால்தான் நடக்கிறதா என்பதை அதனால் சொல்ல முடியாது. அபூர்வக் குடும்பங்கள் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் இதை எடுங்கள். இல்லாதவர்கள் ஆயிரக்கணக்கானவர்களின் மாதிரியைத் திரட்டும் பெரிய கூட்டணியில் சேர்வதைத் தவிர வேறு வழியில்லை.

மனிதரிடமே கேட்பது

என் மனம் சாயும் வழி இது, ஆகவே இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

2014-இல் வந்த ஓர் எளிய ஆய்வு. நரம்புக் காயத்தாலும் நியூரோபதியாலும் பாதத்தில் வலி இருந்த 14 பேருக்கு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, காலுக்குப் போகும் நரம்பைச் சுற்றி லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தைக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்து வலி நின்றுவிட்டது. பல ஆண்டுகளாக இருந்த வலி, தண்டுவடத்திலும் மூளையிலும் 'பதிந்துவிட்டது' என்று நினைத்திருந்த வலி. அப்படியானால் தண்டுவடம் எவ்வளவு கூர்மையடைந்திருந்தாலும், கீழேயிருந்து வரும் நரம்புச் செய்தி நின்றால் எரிச்சலும் நிற்கிறது. எலியில் நூற்றுக்கணக்கான சோதனைகளால் தீராத வாதத்தை ஒரு ஊசியும் சில மணி நேரமும் இவ்வளவு தூரம் நகர்த்தின. மனிதர் பேசுகிறார், 'இப்போது எரியவில்லை' என்று வாயால் சொல்கிறார். எலியிடம் கிடைக்காத அளவு அதுதான்.

கீழே எந்த இழை சுடுகிறது? அதைப் பார்க்க மைக்ரோநியூரோகிராபி இருக்கிறது. 1960-களில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஹாக்பார்த்தும் வால்போவும் தங்கள் நரம்புகளிலேயே சோதித்து உருவாக்கிய முறை. நோயாளி விழித்தபடி படுத்திருப்பார். முடியைப் போல மெல்லிய டங்ஸ்டன் ஊசியைக் காலின் நரம்புக்குள் மெல்ல மெல்ல நகர்த்தி, ஒற்றை சி இழையின் துடிப்பு கேட்கும் இடத்தைத் தேடுவார்கள். பாதத்தின் தோலில் நான்கு நொடிக்கு ஒரு முறை சிறு மின்தூண்டல் கொடுப்பார்கள். இழை நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்றும், தூண்டும் இடத்துக்கும் ஊசிக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் 200 மில்லிநொடி கழித்துத் துடிப்பு வந்து சேரும். திரையில் அந்தத் துடிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்கோட்டில் விழும். இழை இடையில் தானாகச் சுட்டால் களைத்துப்போய் அடுத்த துடிப்பு சற்றுத் தாமதமாக வரும், கோடு ஒரு பக்கம் விலகும். யாரும் தொடாதபோது கோடு விலகி விலகித் திரும்பினால், அந்த இழை தானாகச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த முறையால் 2012-இல் ஒரு நார்வே குழு, வலி உள்ள நியூரோபதிக்காரர்களையும் வலி இல்லாத நியூரோபதிக்காரர்களையும் ஒப்பிட்டது. வலி உள்ளவர்களின் சி இழைகளில் தானாகச் சுடுவது தெளிவாக அதிகம். வலி இல்லாதவர்களிடமும் ஓரளவு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், தானாகச் சுடும் இழை ஒன்றே முழுப் பதில் ஆகாது. தொட்டால் பதில் சொல்லாத 'உறங்கும்' சி இழைகள் இந்த வலியில் பெரிய பங்கு வகிக்கின்றன என்ற எண்ணமும் இந்தப் பதிவுகளிலிருந்துதான் வலுத்தது. எலியின் பாதத்தை நைலான் இழையால் எவ்வளவு தொட்டாலும் அந்த வகை இழை வாய் திறக்காது.

குறைகளும் கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரு அமர்வு பல மணி நேரம் பிடிக்கும், சில இழைகள்தான் கிடைக்கும், கை பழகப் பல மாதங்கள் ஆகும், செய்யத் தெரிந்த ஆய்வகங்கள் உலகில் சிலவே. ஏற்கெனவே வலியில் இருப்பவரை இவ்வளவு நேரம் அசையாமல் படுக்க வைக்கிறோம் என்ற கூச்சமும் இருக்க வேண்டும். சிதைந்துபோன நரம்பில் இழைகளே குறைவு என்பதால் தேடுவது இன்னும் கடினம்.

அதைவிடச் சுலபமான இரண்டு அளவுகள் இருக்கின்றன. கணுக்காலுக்கு மேலே 10 சென்டிமீட்டரில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை எடுத்து, மேல்தோலுக்குள் நுழையும் இழைகளை எண்ணுவது ஒன்று. நோய் இருக்கிறதா என்பதை இது நன்றாகச் சொல்லும், வலி இருக்கிறதா என்பதைச் சொல்லாது. முதல் பத்தியில் சொன்ன இரண்டு பேரையும் இந்த எண்ணிக்கையால் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது. இன்னொன்று, சூடு, குளிர், குத்தல், தொடுகை, அதிர்வு என்று வரிசையாகக் கொடுத்து உணர்வு வரம்புகளை அளக்கும் சோதனை. ஜெர்மனியின் நரம்பு வலி ஆய்வு வலையமைப்பு இதை 13 அளவுகளாக முறைப்படுத்தியது. அந்தத் தரவை வைத்து 2017-இல் நோயாளிகளை மூன்று கூட்டங்களாகப் பிரித்தார்கள்: உணர்வு இழந்தவர்கள், சூடு குளிருக்குக் கூச்சம் மிகுந்தவர்கள், தொடுகைக்கும் குத்தலுக்கும் கூச்சம் மிகுந்தவர்கள்.

இந்தப் பிரிப்பால் என்ன பயன் என்று கேட்டால் ஒரு கணக்கைக் காட்டலாம். 2015-இல் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, நரம்பு வலி மருந்தான பிரிகபாலின் கொடுத்து ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய ஏறத்தாழ எட்டுப் பேருக்கு அதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அமிட்ரிப்டிலின் வகை மருந்துகளுக்கு நான்கு பேர். எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் கிடைக்கும் எண்கள் இவை. 2014-இல் ஆக்ஸ்கார்பஸெபின் மருந்தைச் சோதித்தவர்கள் முதலிலேயே நோயாளிகளை உணர்வுச் சோதனையால் பிரித்துக்கொண்டார்கள். நரம்பு எரிச்சலூட்டப்பட்ட நிலையில், அதாவது மெல்லிய இழைகள் வேலை செய்துகொண்டே கூச்சம் மிகுந்த நிலையில், இருந்தவர்களுக்கு அந்த எண் 3.9, மற்றவர்களுக்கு 13. ஒரே மருந்து, ஒரே ஆய்வு. வலியின் பொறிமுறை ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்றுகளில் இது ஒன்று, இதற்கு எலி தேவைப்படவில்லை.

சரி, எதை எடுப்பது?

கேள்வியைப் பொறுத்துச் சொல்கிறேன். 'வலி எங்கிருந்து வருகிறது, யாருக்கு எந்த வகை?' என்றால் மனிதர்தான். 'இந்த மரபணு மாற்றம் இந்த நோயாளியின் நரம்பணுவை எப்படி மாற்றுகிறது?' என்றால் தட்டில் வளர்த்த செல். 'இந்த மூலக்கூறை நீக்கினால் வலி போகுமா, தண்டுவடத்தில் எந்தச் சுற்று இதில் சேர்கிறது?' என்றால் எலி, மேலே சொன்ன நிபந்தனைகளோடு. 'எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை, ஆய்வகத்தில் எலி இருக்கிறது' என்பது ஒரு காரணமாக இருக்கக்கூடாது. பல ஆய்வேடுகள் அப்படித்தான் பிறக்கின்றன என்பது வருத்தம்.

வழிகளைச் சேர்க்கும் வரிசை பற்றி இரண்டு உதாரணங்கள் என்னை முழுதாக நம்ப வைத்தவை. காஸ்பர்-2 என்ற நரம்புப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி இருக்கும் நோயாளிகளில் பலருக்குக் கடுமையான வலி இருக்கிறது என்பது மருத்துவர்கள் கவனித்தது. அந்த நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த பிறபொருளெதிரியைச் சுண்டெலிக்குள் செலுத்தியபோது சுண்டெலிக்குக் கூச்சம் வந்தது, நரம்பணுக்கள் எளிதில் சுடும் நிலைக்குப் போயின. 2018-இல் இது வெளியானது. மனிதர் கேள்வி கேட்டார், சுண்டெலி காரணத்தை உறுதி செய்தது. இரண்டாவது, 2019-இல் ஒரே ஒரு நுண்ணிழை நியூரோபதி நோயாளியை வைத்து நடந்தது. அவருடைய சி இழைகள் தானாகச் சுடுவதை மைக்ரோநியூரோகிராபியில் பார்த்தார்கள். அவருடைய செல்லிலிருந்து வளர்த்த நரம்பணுக்களும் மிகையாகச் சுட்டன. தட்டில் லாகோசமைடு என்ற வலிப்பு நோய் மருந்து அதை அடக்கியது. அதே மருந்தை அவருக்குக் கொடுத்தபோது வலி குறைந்தது. ஒருவரை வைத்து எல்லோருக்கும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் பொறிமுறை ஆய்வு என்பது நோயாளியைத் திரும்ப வந்து சேரும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டியதாக இன்னொன்றை நான் படிக்கவில்லை.

இன்றைக்கே தொடங்க விரும்பும் ஒரு சிறு குழுவுக்கு நான் சொல்வது கீமோதெரபி நோயாளிகளைப் பின்தொடரும் ஆய்வு. சர்க்கரை நோயில் நரம்பு எப்போது கெடத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. பேக்லிடாக்ஸெல்லோ ஆக்ஸாலிபிளாட்டினோ பெறுகிறவரிடம் நரம்பைத் தாக்கும் மருந்து ஏறப்போகும் தேதி முன்கூட்டியே தெரிகிறது. மருந்துக்கு முன்பே உணர்வுச் சோதனையும் தோல் மாதிரியும் ரத்தமும் எடுத்துவைக்கலாம், ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் திரும்ப அளக்கலாம், யாருக்கு மரப்பு மட்டும் வருகிறது, யாருக்கு வலியும் சேர்கிறது என்று வரும்போதே பார்க்கலாம். எலியின் மிகப் பெரிய வசதியான 'காயத்துக்கு முன், காயத்துக்குப் பின்' என்ற ஒப்பீடு இங்கே மனிதரிடமே கிடைக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையின் நடுவில் இருப்பவரிடம் கேட்கிறோம் என்பதால் சோதனை நேரம் சுருக்கமாக இருக்க வேண்டும், தோல் மாதிரி அவர் மனதார ஒப்புக்கொண்டால் மட்டும். எடுத்துவைத்த ரத்தத்திலிருந்து பிறகு செல் வளர்க்கலாம். வலி வந்தவருக்கும் வராதவருக்கும் அந்த நரம்பணுக்கள் வித்தியாசமாக நடந்துகொண்டால், எலியிடம் கேட்க வேண்டிய கேள்வி அப்போது கையில் இருக்கும்.